யந்திரத்துக்கு வந்த ஜுரம்

"அண்ணா, அதுக்கு 98 டிகிரி இருக்காம். பையன் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை" என்று என் தங்கை டெலிபோனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. 98 டிகிரி என்பது ஒரு ஜுரமா? நம் வீட்டுத் தெர்மாமீட்டரில் அதுதானே சரியான உடல் நிலை? "கவலைப்படாதே, 100-ஐத் தாண்டினால் சொல்லு" என்றேன். "100-ஐத் தாண்டினால் தானாகவே அணைந்துபோய் விடுகிறதாம்" என்றாள் அவள். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. அவள் சொன்னது பையனைப் பற்றி அல்ல. பையனுடைய கம்ப்யூட்டரைப் பற்றி. அதுவும் ஃபாரன்ஹீட் கணக்கு அல்ல, சென்டிகிரேட். காபிக்கு வெந்நீர் கொதிக்கிற சூடு!

என் தங்கையைக் கட்டிக்கொடுத்திருப்பது வேப்பனப்பள்ளியில். கிருஷ்ணகிரியிலிருந்து வடக்கே போகும் பஸ்ஸில் ஏறினால் மாந்தோப்புகளையும் பாறைக் குன்றுகளையும் பார்த்துக்கொண்டே போய்ச் சேரலாம். இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் கர்நாடகம். கிழக்கே திரும்பினால் ஆந்திரம். கடைத் தெருவில் ஒரு மணி நேரம் நின்றால் மூன்று பாஷைகளும் காதில் விழும். ஊர்ப் பெயரைக்கூட இரண்டு விதமாக எழுதுகிறார்கள். தமிழில் 'பள்ளி', அதையே 'ஹள்ளி' என்று எழுதினால் கன்னடம். பழைய கன்னடத்தில் இருந்த பகரம் பிற்காலத்தில் ஹகரமாக மாறிவிட்டது. பால் 'ஹாலு' ஆனதும், பள்ளி 'ஹள்ளி' ஆனதும் அப்படித்தான். சட்டசபைத் தொகுதிக்கு 'வேப்பனஹள்ளி' என்றே பெயர். ஒரே ஊர் எல்லையின் இரு பக்கத்துக்கும் முகம் காட்டிக்கொண்டு நிற்கிறது.

அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு காலத்தில் படித்து முடித்தால் வெளியூர் போக வேண்டும். 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்து, பிறகு லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் கைக்கடிகாரங்களும் அங்கே செய்யப்படலாயின. பெரிய தொழிற்சாலை ஒன்று வந்தால் அதைச் சுற்றி நூறு சின்னப் பட்டறைகள் முளைக்கும். அப்படி முளைத்த பட்டறைகளில் ஒன்றுக்குத்தான் என் மருமகன் வேலை செய்கிறான். வேலைக்கு ஓசூர் போவதில்லை. வீட்டில் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, இரும்பில் செய்ய வேண்டிய அச்சுகளுக்கும் சாமான்களுக்கும் கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டு அனுப்புகிறான். வரைந்த பொருளை நாலா பக்கமும் திருப்பிப் பார்த்து, எங்கே முறியும், எங்கே வளையும் என்று கணக்குப் பார்க்கவும் அந்த யந்திரமே வேண்டும். அந்தக் கணக்குப் போடும்போதுதான் அதற்கு ஜுரம் கண்டது.

நான் போய்ச் சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். திங்கட்கிழமை காலையில் பட்டறைக்கு ஒரு வரைபடம் போய்ச் சேர வேண்டும். தவறினால் வேலை வேறு ஒருவனுக்குப் போய்விடும். மருமகன் முகத்தைப் பார்த்தேன். வீட்டில் யாருக்கோ சீரியஸ் என்பது போல் இருந்தது.

யந்திரம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. உள்ளே இரண்டு கறுப்பு ரப்பர் குழாய்கள், ஒரு கறுப்புத் தொட்டி, மோட்டார் காரில் இருப்பது போல ஒரு சின்ன ரேடியேட்டர், அதன் மேல் மூன்று விசிறிகள். "இது என்னடா, கம்ப்யூட்டரா, குழாய்க்காரன் கடையா?" என்றேன். "தண்ணீரால் குளிர வைக்கிற மெஷின், மாமா. நானே பார்ட் பார்ட்டாக வாங்கிச் சேர்த்தேன்" என்றான். அந்தத் துக்கத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஒரு வருஷமாக நன்றாகத்தான் இருந்திருக்கிறது. வாங்கிய புதிதில் எவ்வளவு வேலை கொடுத்தாலும் 65 டிகிரி. ஆறு மாதம் கழித்து 75. பிறகு 85. இப்போது வேலை தொடங்கிய பத்தாவது நிமிஷம் 98, அப்புறம் நத்தை வேகம், அப்புறம் அணைவு. பையன் சும்மா இருக்கவில்லை. விசிறிகளைத் துடைத்தான். வேகத்தைக் கூட்டினான். பிராஸஸர் மேல் தடவும் பேஸ்ட்டை வழித்துவிட்டுப் புதிதாகத் தடவினான். உள்ளே இருக்கும் புரோகிராம் அத்தனையையும் அழித்து மறுபடி ஏற்றினான். நாலு சிநேகிதர்களைக் கேட்டான். நாலு பேரும் நாலு வைத்தியம் சொன்னார்கள். கடைசியில் அவனாகவே ஒரு முடிவுக்கு வந்தான்: பிராஸஸர் கெட்டுவிட்டது, புதிது வாங்க வேண்டியதுதான்.

புதிது என்றால் பணம். என் தங்கை அதற்குள் பீரோவைத் திறந்து இரண்டு வளையல்களை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து வைத்துவிட்டாள். சனிக்கிழமை காலை நகைக்கடன் வாங்கி, மத்தியானம் பெங்களூர் போய் வாங்கி வருவதாக ஏற்பாடு. அந்த வளையல்கள் எங்கள் அம்மாவுடையவை. எனக்கு என்னவோ போல் இருந்தது. "பொறு, காலை வரைக்கும் பொறு" என்று மட்டும் சொன்னேன். எனக்கு இந்த விஷயத்தில் ஞானம் கிடையாது. ஆனால் நல்ல வைத்தியன் நாடி பிடிப்பதற்கு முன், "உங்கள் அப்பாவுக்கு இது உண்டா, தாத்தாவுக்கு இருந்ததா?" என்று கேட்பான் அல்லவா? இந்த யந்திரத்தின் பாட்டன் பூட்டன்மாருக்கும் இந்த ஜுரம் இருந்ததா என்று அன்று ராத்திரி படித்துப் பார்க்க உட்கார்ந்தேன். இருந்தது. பரம்பரை வியாதி!

1946-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் 'எனியாக்' என்ற யந்திரத்தை உலகத்துக்குக் காட்டினார்கள். சுமார் 18,000 வால்வுகள் கொண்டது. பழைய வால்வு ரேடியோவின் முதுகில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு ஞாபகம் இருக்கும். ரேடியோவில் ஐந்தாறு வால்வுகள்தான் இருக்கும். பதினெட்டாயிரம் என்றால்? எனியாக் தின்ற மின்சாரம் சுமார் 150 கிலோவாட். தின்ற மின்சாரம் அத்தனையும் கடைசியில் உஷ்ணமாகத்தான் வெளியே வரும். பெரிய ஊதுகாற்று யந்திரங்களை வைத்து அந்தச் சூட்டை வெளியேற்றினார்கள். சூடு மிஞ்சினால் மின்சாரத்தை நிறுத்தும் ஏற்பாடும் அதில் இருந்தது. என் மருமகனின் பெட்டி தானாக அணைகிறதே, அது இந்தக் கொள்ளுப் பாட்டன் சொத்து.

நம் தேசத்திலும் இந்த வால்வு யந்திரம் ஒன்று பிறந்தது. பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் அதைக் கட்டிய குழுவுக்குத் தலைவர் ஆர். நரசிம்மன். சென்னையில் பிறந்து கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர். 2,700 வால்வுகள் கொண்ட அந்த யந்திரம் 1960-ல் வேலைக்கு வந்தது. 1962-ல் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார். நம்மவர் ஒருவர் கையால் எழுந்தது என்பதை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறார்கள்? நடிகர் பிறந்த தேதி கேட்டால் சொல்லுகிறோம்.

வால்வு போய் டிரான்ஸிஸ்டர் வந்ததும், 'விட்டது ஜுரம்' என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். டிரான்ஸிஸ்டர் சூடாவது கொஞ்சம்தான். ஆனால் மனிதன் ஆசையை என்ன செய்வது? ஒன்று வைக்கிற இடத்தில் பத்து வைத்தான். பத்து வைக்கிற இடத்தில் நூறு வைத்தான். கொஞ்சம், கொஞ்சம் என்று சேர்ந்து மறுபடி அடுப்பாகிவிட்டது. 1964-ல் ஐ.பி.எம். கம்பெனி அறிவித்த 'சிஸ்டம் 360'-ன் 91-ஆம் மாடலில், காற்றால் மட்டும் முடியாதென்று, சர்க்யூட்டுகளுக்கிடையே ஓடும் காற்றைக் குளிர்ந்த நீர்க் குழாய்களால் குளிர வைத்தார்கள். கணித யந்திரத்துக்குள் தண்ணீர் நுழைந்த கதை இப்படித் தொடங்குகிறது.

மின்சாரமும் தண்ணீரும் ஜன்ம விரோதிகள். ஈரக் கையால் ஸ்விட்சைத் தொடாதே என்று குழந்தைக்குச் சொல்லுகிறோம். அப்படியிருக்கத் தண்ணீரை உள்ளே விடுவானேன்? காரணம் ஒரே ஒரு எண்ணில் இருக்கிறது. ஒரு லிட்டர் காற்று ஒரு டிகிரி சூடேறும்போது எவ்வளவு உஷ்ணத்தை வாங்கிக்கொள்ளுமோ, அதைப் போலச் சுமார் 3,500 மடங்கு உஷ்ணத்தை ஒரு லிட்டர் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். காற்று, கைப்பையோடு வருகிற விருந்தாளி; தண்ணீர், மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வருகிற சம்பந்தி!

ஆனால் வண்டி வாசலில் நின்றால் போதுமா? மூட்டையை வீட்டுக்குள்ளிருந்து வண்டி வரை யார் தூக்கிவருவது? இந்தக் கேள்வியில்தான் மகா மூளைக்காரர்களெல்லாம் வருஷக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். சில்லின் மேல் ஒரு உலோகத் தகட்டை வைத்தால் கண்ணுக்கு ஒட்டினாற்போல் இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் இரண்டும் மேடு பள்ளம், நடுவில் காற்று, காற்றோ உஷ்ணத்தைக் கடத்துவதில் சோம்பேறி. ஐ.பி.எம். 1980-ல் அறிவித்த 3081 என்ற யந்திரத்தில் இதற்கு ஓர் அபூர்வமான உபாயம் செய்தார்கள். உள்ளங்கையளவு பீங்கான் பலகையில் நூறுக்கு மேற்பட்ட சில்லுகள். ஒவ்வொரு சில்லின் மேலும் ஒரு சின்ன அலுமினியப் பிஸ்டன், ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்டு, கிளி மூக்கு வைத்தாற்போல் தொட்டுக்கொண்டு நிற்கும். மிச்சமுள்ள இடைவெளியில் காற்றை எடுத்துவிட்டு ஹீலியம் வாயுவை நிரப்பினார்கள். அது காற்றைப் போல ஐந்தாறு மடங்கு நன்றாக உஷ்ணத்தைக் கடத்தும். எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் ஓடும் தகடு. ஒரு மயிரிழை இடைவெளிக்காக இவ்வளவு பிரயத்தனம். பையன் தடவினானே ஒரு பேஸ்ட், அது செய்வதும் அந்த ஹீலியத்தின் வேலைதான்.

அதே காலத்தில் ஸீமோர் கிரே என்ற மேதை வேறு வழியில் போனார். 1976-ல் வெளிவந்த அவருடைய 'கிரே-1' யந்திரத்தின் சட்டங்களுக்குள் குளிர்சாதனப் பெட்டியில் ஓடுகிற ஃபிரியான் ஓடியது. முதலில் செய்தபோது ஃபிரியானோடு கலந்திருந்த எண்ணெய் குழாய் இணைப்புகளில் கசிந்து பலகைகளின் மேல் படிந்து தொல்லை கொடுத்தது. குழாயைப் பற்றவைக்கப் புது முறை கண்டுபிடிக்கும் வரை பல மாதங்கள் தாமதம். உலகத்தின் அதிவேகக் கணித யந்திரம் ஒரு குழாய் இணைப்புக்காகக் காத்திருந்தது! 1985-ல் வந்த 'கிரே-2'-வில் பேச்சையே வளர்க்காமல், பலகைகள் அத்தனையையும் மின்சாரம் பாயாத ஒரு திரவத்தில் முக்கிவிட்டார். மீன் தொட்டியில் மீனுக்குப் பதில் சர்க்யூட்.

அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 'கிரே எக்ஸ்-எம்.பி.' நம் நாட்டுக்கும் வந்தது. அமெரிக்கா அதை எளிதில் கொடுத்துவிடவில்லை. எதற்கு உபயோகிப்பீர்கள், யார் தொடுவார்கள் என்று ஆயிரம் கேள்வி. கடைசியில் பருவமழையை முன்கூட்டிக் கணிப்பதற்காகத் தில்லியில் அது 1989-ல் வேலையைத் தொடங்கியது. கேட்ட யந்திரம் வேறு, கிடைத்த யந்திரம் வேறு என்ற மனக்குறையில்தான் நம்மவர்கள் புனாவில் 'ஸி-டாக்' நிலையத்தை அமைத்து 1991-ல் 'பரம் 8000' என்பதைத் தாங்களே செய்து காட்டினார்கள். அது தனிக் கதை; இங்கே வேண்டாம்.

பிறகு ஒரு விசித்திரம். 1990-களின் நடுவில் பெரிய யந்திரங்களிலிருந்து தண்ணீர் வெளியேறிவிட்டது. அதுவரை இருந்த சில்லுகள், குழாயை எப்போதும் திறந்தே வைத்திருக்கும் வீடு போல, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மின்சாரத்தை ஓடவிட்டன. ஸிமாஸ் என்ற புது வகைச் சில்லு, வேண்டும்போது மட்டும் குழாயைத் திறந்து மூடும் சிக்கனக்காரி. சூடு குறைந்தது, விசிறி போதும் என்று ஆயிற்று. 'தொலைந்தது தண்ணீர் உபத்திரவம்' என்று பெருமூச்சு விட்டார்கள். ஆனால் சிக்கனக்காரியின் குடும்பமும் பெருத்தது. பத்து வருஷத்தில் மறுபடி அடுப்பு. இந்தத் தடவை அடுப்பு பெரிய கூடத்தில் அல்ல. நம் வீட்டு மேஜையின் மேல்.

1980-களில் வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டர்களில் பிராஸஸருக்கென்று விசிறியே கிடையாது. 1990-களில் ஒரு சின்ன விசிறி வந்தது. 2001-ல் ஜெர்மனியில் ஒரு பரீட்சை செய்து படம் பிடித்தார்கள்: ஓடுகிற கம்ப்யூட்டரில் பிராஸஸரின் மேலிருந்து குளிரவைக்கும் கட்டையைக் கழற்றிவிட்டார்கள். ஒரு வகைப் பிராஸஸர் புகைந்து கருகியது. இன்னொரு வகை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு ஊர்ந்துகொண்டே பிழைத்துக் கிடந்தது. அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் இரண்டாவது ஜாதி. 95, 100 டிகிரி வந்தால் முதலில் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். ஆகவே அணைவது நோய் அல்ல. நோயிலிருந்து தப்பும் உபாயம். இதைப் படித்தபோது எனக்குச் சற்று தைரியம் வந்தது. தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்த பிராஸஸர், கெட்டுப்போன பிராஸஸராக இருக்குமா?

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். நம் இஸ்திரிப் பெட்டி 1,000 வாட். அடித்தட்டு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். பிராஸஸரோ 150 வாட். உள்ளே இருக்கும் சில்லின் பரப்பு இரண்டு சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 75 வாட். இஸ்திரிப் பெட்டியைப் போலப் பதினைந்து மடங்கு நெருக்கடி. 1981-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் டக்கர்மன், பீஸ் என்ற இருவர் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். தண்ணீர் ஓடும் பாதையை மயிரை விட மெல்லிய ஓடைகளாகப் பிரித்துவிட்டால், அது எத்தனையோ மடங்கு அதிகச் சூட்டை வாங்கிக்கொண்டு போகும் என்று செய்து காட்டினார்கள். இன்று கடையில் விற்கும் செப்புத் தகட்டின் உள்ளே வரிவரியாக மெல்லிய ஓடைகள் இருப்பது அந்த வழியில் வந்தது. 2004-ல் ஆப்பிள் கம்பெனி தன் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றைத் திரவத்தால் குளிரவைத்து விற்றது. சிலவற்றில் பிற்காலத்தில் திரவம் கசிந்ததும் உண்டு. டென்மார்க்கின் அசெடெக் போன்ற கம்பெனிகள் எல்லாவற்றையும் சேர்த்து மூடி முத்திரையிட்டு விற்கத் தொடங்கிய பிறகு, இது சாதாரண வீடுகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் என் மருமகன் மூடி முத்திரையிட்டதை வாங்கவில்லை. தானே குழாய் வெட்டி, தானே தண்ணீர் ஊற்றி... இந்தத் 'தண்ணீர் ஊற்றி' என்ற இடத்தில் எனக்கு ஏதோ உறுத்தியது. என்ன என்று புரியவில்லை. தூங்கிவிட்டேன்.

காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அடுத்த தெருத் தாத்தா வந்தார். மோட்டார் காயில் கட்டுகிறவர். போர்வெல்லில் மோட்டார் இறக்குவதும் ஏற்றுவதும் நாற்பது வருஷத் தொழில். வீட்டில் தெலுங்கு, தொழிலில் மூன்று பாஷை. எங்கள் வீட்டு மோட்டாரைப் பார்க்க வந்தவர், பையன் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, மாமா ஊரிலேர்ந்து வந்திருக்காரு, நீ இப்படி இருக்கே?" என்றார். விஷயத்தைச் சொன்னோம். சிரிக்கவில்லை. "தண்ணியிலே ஓடுற மெஷினா? அப்போ நம்ம மெஷினுதான்" என்று அறைக்குள் வந்தார்.

அவர் சொன்னது வேடிக்கைக்காக அல்ல. போர்வெல்லில் ஆழத்தில் தொங்கும் மோட்டாரைக் குளிரவைப்பதும் தண்ணீர்தான். பம்ப் இழுக்கிற தண்ணீர் மோட்டாரின் உடம்பை உரசிக்கொண்டு மேலே போகிறது. போகும்போது சூட்டையும் வாங்கிக்கொண்டு போகிறது. தண்ணீர் மட்டம் இறங்கி ஓட்டம் குறைந்தால் காயில் கருகிவிடும். கோடை வந்தால் அந்தத் தாத்தா கடை வாசலில் கருகிய மோட்டார்கள் வரிசையாக நிற்கும். தண்ணீரால் குளிரும் யந்திரம் என்பது எனக்குத்தான் புதுமை. வேப்பனப்பள்ளிக்கு அது தலைமுறைப் பழக்கம்.

"பம்ப் ஓடுதா?" என்று கேட்டார்.

"ஓடுது தாத்தா. சத்தம் கேட்குது. நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்றுகூடத் திரையில் காட்டுது" என்றான் பையன்.

"பம்ப் சுத்துறது வேறே, தண்ணி ஓடுறது வேறே. மெஷினுக்கு வேலை கொடு."

பையன் வேலை கொடுத்தான். சூடு ஏறத் தொடங்கியது. தாத்தா இரண்டு கையாலும் இரண்டு ரப்பர் குழாய்களைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். நாடி பார்க்கிறவரைப் போலவே இருந்தது. பிறகு, "நீங்க பிடிங்க சாமி" என்றார் என்னிடம். பிடித்தேன். ஒரு குழாய் நன்றாகச் சுட்டது. மற்றது சில்லென்று இருந்தது.

இதன் அர்த்தத்தைப் பையனும் நானும் காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஓடினால், 140 வாட் சூட்டை வாங்கிக்கொண்டாலும் தண்ணீர் இரண்டு டிகிரிதான் சூடேறும். இரண்டு குழாய்க்கும் வித்தியாசமே கைக்குத் தெரியக் கூடாது. இரண்டும் ஒரே மாதிரி சுட்டால் ரேடியேட்டரையும் விசிறியையும் பார்க்க வேண்டும். இரண்டும் குளிர்ந்திருக்க, பிராஸஸர் மட்டும் கொதித்தால், தகடு சரியாக ஒட்டவில்லை, அல்லது பம்ப் அடியோடு நின்றுவிட்டது. ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்தால் தண்ணீர் ஓடவில்லை, கசிகிறது. விசிறி, பேஸ்ட், புரோகிராம் என்று பையன் பார்த்த இடமெல்லாம் சரி. பார்க்காத இடம் இது ஒன்றுதான். கறுப்புக் குழாய், கறுப்புத் தொட்டி. உள்ளே ஓடுகிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. அழகாக இருக்கும் என்று கறுப்பாக வாங்கினானாம்.

"வயல்லே எப்படிப் பார்ப்போம்? சொம்பைப் பிடிச்சுப் பார்ப்போம்" என்றார் தாத்தா. கம்ப்யூட்டரை அணைத்து, பம்பை மட்டும் தனியாக ஓடவிட்டு, திரும்பி வரும் குழாயைக் கழற்றி ஒரு டம்ளரில் பிடித்தார்கள். டம்ளர் நிறைய மூன்று நிமிஷம் ஆயிற்று. என் மருமகன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

செப்புத் தகட்டைத் திறந்தபோது அந்த மயிரிழை ஓடைகள் கண்ணுக்கே தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு பூசியதுபோல் அடைத்துக் கிடந்தது. தாத்தா நகத்தால் சுரண்டி, "இது எங்க ஊர் போர் தண்ணியாச்சே" என்றார். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் எந்த வெள்ளைப் பொருக்கு படிகிறதோ, அதே பொருக்கு.

பையன் தண்ணீர் மாற்றாமல் சோம்பேறித்தனமாக இருந்தானா என்றால், இல்லை. மாதம் தவறாமல் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறான், பூஜைச் செம்புக்கு மாற்றுவது போல. மாற்றாமல் விட்டிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு மட்டும்தான் படிந்திருக்கும். அவன் மாதா மாதம் புதுச் சுண்ணாம்பு கொண்டுவந்து சேர்த்தான். சிரத்தைதான் அடைத்தது. ராத்திரி எனக்கு உறுத்தியது இதுதான்.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து நிலத்தடி நீரைப் பற்றி ஊருக்கே தெரியும். அதில் ஃபுளோரைடு மிகுந்து குழந்தைகளின் பல் கறைபட்டு, பெரியவர்களின் எலும்பு வளைந்துபோயிற்று. அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு, 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். காவிரித் தண்ணீர் இரண்டு மாவட்டங்களுக்கும் வந்தது. ஃபுளோரைடு செய்கிற கெடுதல் உடம்புக்கு. குழாயை அடைப்பது அதோடு கூட இருக்கும் கால்சியமும் மக்னீஷியமும். ஊரை ஒட்டி ஓடும் மார்க்கண்டேய நதியும் எப்போதும் கைகொடுப்பதில்லை. மேலே கோலார் ஜில்லாவில் யார்கோள் என்னுமிடத்தில் கர்நாடகம் அணை கட்டியது. தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2019-ல் மனு தள்ளுபடியாயிற்று. ஆகவே தோட்டத்துக்கும் துவைக்கவும் போர்வெல்தான். பையன் கைக்கு எட்டியதும் அந்தக் குழாய்தான்.

தாத்தா கைகழுவப் பின்பக்கம் போனவர், மாடிப்படியின் கீழே இருந்த இன்வெர்ட்டரைப் பார்த்துவிட்டு நின்றார். "அம்மா, இந்தப் பாட்டரிக்கு என்ன தண்ணி ஊத்தறீங்க?" என்று என் தங்கையைக் கேட்டார்.

"கடையில் கேன் வாங்கி வைத்திருக்கிறேனே, பாட்டரித் தண்ணீர். போர் தண்ணீர் ஊற்றினால் பாட்டரி போய்விடுமே!" என்றாள் அவள்.

யாரும் பேசவில்லை. காய்ச்சி வடித்த அந்தத் தண்ணீர், உப்பும் சுண்ணாம்பும் இல்லாத தண்ணீர், பையன் அறையிலிருந்து பத்தடி தூரத்தில் ஒரு வருஷமாக இருந்திருக்கிறது. அது அம்மாவின் இலாகா. கம்ப்யூட்டர் பையனின் இலாகா. இரண்டு இலாகாக்களும் கலந்து பேசியதில்லை. பெரிய சர்க்கார்களிலேயே நடக்கிற விஷயம்தான்.

அப்புறம் நடந்தது வைத்தியம் அல்ல, சமையல். செப்புப் பாத்திரம் துலக்குவதில் நம் பெண்களுக்குச் சமானம் உண்டா? என் தங்கை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து அதில் தகட்டை ஊறப்போட்டாள். நுரைத்துக்கொண்டு பொருக்கு கழன்றது. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஓடைகளின் வாக்கிலேயே மெதுவாகத் தேய்த்தாள். "அழுத்தாதே அம்மா, அழுத்தாதே" என்று பையன் பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவனைப் போலத் தவித்தான். குழாய்களையும் ரேடியேட்டரையும் பாட்டரித் தண்ணீரால் இரண்டு முறை அலசிக் கொட்டி, மூன்றாவது முறை நிரப்பினார்கள். உள்ளே பாசி பிடிக்காமல் இருக்கவும் துரு ஏறாமல் இருக்கவும் ஒரு சொட்டு மருந்து உண்டாம். அதை முதலிலேயே வாங்கி வைத்திருந்தான், உபயோகித்ததில்லை. காற்றுக் குமிழிகள் வெளியேறுவதற்காகப் பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டு அரை மணி நேரம் பம்பை மட்டும் ஓடவிட்டான்.

தாத்தாவுக்கு ஒரு சந்தேகம். அறையில் அப்போது 36 டிகிரி. "இந்தப் புழுக்கத்திலே தண்ணி எப்படிக் குளிரும்? ஐஸ் போடலாமா?" என்றார். நியாயமான கேள்வி. ரேடியேட்டரும் விசிறியும் எவ்வளவு முயன்றாலும் தண்ணீரை அறைக் காற்றைவிடக் குளிர வைக்க முடியாது. ஆனால் அப்படிக் குளிர வேண்டிய அவசியமும் இல்லை. 80 டிகிரியில் இருப்பவனுக்கு 40 டிகிரித் தண்ணீர் குளிர்ந்த தண்ணீர்தான். ஐஸ் போட்டால் குளிர்ந்த டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போலக் குழாய் வியர்த்து, சொட்டு உள்ளே விழுந்து எல்லாம் போகும். பெரிய யந்திரங்களிலும் இன்று இந்தச் சூடான தண்ணீர் வழியே கையாளப்படுகிறது. 2010-ல் ஸ்விட்சர்லாந்தில் ஸூரிக் நகரத்துச் சர்வகலாசாலையில் 'அக்வஸார்' என்ற யந்திரத்தை 60 டிகிரித் தண்ணீரால் குளிரவைத்து, வெளியே வந்த சூட்டைக் குளிர்காலத்தில் கட்டிடங்களுக்கு அனுப்பினார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? வேப்பனப்பள்ளியிலிருந்து நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குள் பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 2022-ல் நிறுவிய 'பரம் பிரவேகா' இருக்கிறது. நம் தேசத்தின் பெரிய கணித யந்திரங்களில் ஒன்றான அதிலும் சில்லுகளின் மேலேயே திரவம் ஓடிச் சூட்டை வாங்கிப் போகிறது. இதையெல்லாம் தாத்தாவிடம் சொன்னேன். "அவங்க என்ன தண்ணி ஊத்துறாங்க?" என்று கேட்டார். போர் தண்ணீர் அல்ல என்று மட்டும் உறுதியாகச் சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலம் யந்திரத்துக்கு வேலை கொடுத்தார்கள். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். 66 டிகிரி. தாத்தா மறுபடி இரண்டு குழாய்களையும் பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு. கூலி வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, என் தங்கை கொடுத்த இரண்டு எலுமிச்சம்பழங்களை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்; தன் கடையிலும் வெந்நீர்ப் பாத்திரம் இருக்கிறதாம்.

திங்கட்கிழமை வரைபடம் ஓசூருக்குப் போய்விட்டது. வளையல்கள் கைக்குட்டையிலிருந்து மறுபடி பீரோவுக்குப் போயின. நான் பஸ்ஸுக்குப் புறப்படும்போது மாடிப்படியின் கீழே பார்த்தேன். ஒரு கேன் இருந்த இடத்தில் இரண்டு கேன்கள் இருந்தன. என் தங்கை இரண்டிலும் காகிதம் ஒட்டி எழுதியிருந்தாள்: ஒன்றில் 'பாட்டரிக்கு', மற்றதில் 'தம்பிக்கு'.